முதுகை ஒடித்துவிட்டு மருந்து கொடுப்பதா?

மலையகத் தோட்டங்களில் மருத்துவ முகாம்கள் நடைபெறுகின்றன; சத்துணவுப் போதனைகளும் நிகழ்கின்றன. இவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால், முகாம் முடிந்த மறுநாட் காலை அதே தாய், கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அதே செங்குத்துச் சரிவில் ஏறுகின்றாளே! பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கப்படுகின்றது. கூடையோ சாக்கோ, நிறைய நிறையக் கயிறு கழுத்தை இழுக்கின்றது, முதுகு வளைகின்றது, முழங்கால் நோகின்றது. இதற்கு மாத்திரை மருந்தாகுமா?

சுமையினால் தொழிலாளியின் உடல்நலம் கெடலாகாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967 இலேயே உடன்படிக்கை வகுத்தது. பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றென 2022 இல் பிரகடனமும் செய்தது.

நோய் வைத்தியரின் பொறுப்பு, கூடை துரையின் பொறுப்பு என்று பிரித்து வைத்ததே பிழை. தோள்களிற் சமமாய்த் தங்கும் பை, மலையருகே அடிக்கடி நிறுவை, இளைப்பாற நிழல், குடிக்க நீர் ஆகிய இவையும் வைத்தியமே. எங்கே வலிக்கின்றது என்பதைச் சுமப்பவளிடமே கேளுங்கள்; கேட்டபின் கருவியைத் திருத்துங்கள். 1992 இல் தோட்ட நிர்வாகத்தைக் கையேற்ற கம்பனிகளுக்கு நாம் கூறுவது இதுவே: கூடையைத் திருத்தாத முகாம் வெறும் கண்துடைப்பே!