பழைய கணிப்பொறியும் புதிய சர்வரும்



பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் மீனவரிடையே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. எந்தத் துறையில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஏரி ஒன்று, வலைகள் பல. வரிசையில் பெயர் இல்லாதவர் அங்கே வலை கட்ட இயலாது.

அலுவலகத்தில் 'சர்வர்' என்று சொல்லப்படும் கணிப்பொறியும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். பல மேசைகளிலிருந்து பலர் அவற்றைத் திறப்பர். யார் எதைத் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கும்.

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் மீனவர் கூட்டுறவுச் சங்க அலுவலகம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே பழைய கணிப்பொறிகள் இரண்டு. ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி, மற்றொன்றில் விண்டோஸ் 7. சர்வர் மட்டும் புதிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்துக்குரியோர் பட்டியல் சர்வரில் உள்ளது. பழைய கணிப்பொறியோ அதைத் திறக்க மறுக்கிறது. வெளியே வெயிலில் பெண்கள் வரிசையில் நிற்கின்றனர். எழுத்தர் என்ன செய்ய வேண்டும்?

இது நகரத்து அலுவலகங்களின் கவலை மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையத்திலிருந்து கிராமத்துக் கணிப்பொறிகளுக்குச் செய்தி செல்லும். வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அந்த மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரார் எச்சரிக்கப்பட்டு உயிர் தப்பினர். உரிய நேரத்தில் உரியவரைச் சேரும் செய்திக்கு அத்தனை மதிப்பு உண்டு.

முதலில் முகத்துவாரத்தைப் பாருங்கள்

ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் படகு கடலுக்குள் செல்லாது. அப்போது இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துப் பயன் என்ன? கணிப்பொறியிலும் முதற்சோதனை வழியைப் பற்றியதே.

கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோக முனைகளை அரித்துவிடும். பின்னர்க் கணிப்பொறியின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். சர்வரின் முகவரி 192.168.1 என்று தொடங்க, உங்களுடையது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் ரூட்டரையும் சரிசெய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம்.

அடுத்து, சர்வரைப் பெயரால் அழைப்பதற்குப் பதிலாக எண் முகவரியால் அழைத்துப் பாருங்கள். எண்ணால் திறந்து பெயரால் திறக்கவில்லையெனில், பழுது பெயரைக் கண்டறியும் ஏற்பாட்டில்தான் உள்ளது. 'நெட்வொர்க்' பட்டியலில் சர்வரின் பெயர் தோன்றவில்லை என்பதற்காக அஞ்சவும் வேண்டாம். பழைய விண்டோஸ் அப்பட்டியலைத் தயாரித்த முறை வேறு, புதியது தயாரிக்கும் முறை வேறு. பட்டியலில் இல்லாத சர்வரும் நேரடியாக அழைத்தால் திறக்கக்கூடும்.

பிழைச் செய்தியின் பொருள்

திரையில் தோன்றும் ஆங்கில வாசகத்தைப் படிக்காமலே மூடிவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். அது தவறு. 'பாதை காணப்படவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், நாம் இன்னும் வாசலையே அடையவில்லை. கேபிள், முகவரி, ஃபயர்வால் ஆகியவற்றை ஆராய வேண்டும். கோப்புப் பகிர்வு 445 என்ற எண்ணுள்ள வாயில் வழியே நடைபெறுகிறது. ஃபயர்வால் அதை அடைத்திருக்கலாம்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற பொருளில் செய்தி வந்தால், வாசலை அடைந்துவிட்டோம், உள்ளே விடவில்லை. பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபாருங்கள். விண்டோஸ் சர்வரில் அனுமதி இரண்டு அடுக்காக உள்ளது: பகிர்வுக்கு ஒன்று, கோப்புறைக்கு ஒன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். ஒன்றில் மட்டும் அனுமதி தந்துவிட்டு மற்றதை மறப்பதால் வீணாகும் பொழுது கொஞ்சமன்று.

காசளவு பேட்டரி

கணிப்பொறியின் உள்ளே காசளவுள்ள வட்ட பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. பல ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். பின்னர் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பழைய காலத்துக்குத் திரும்பிவிடும். 'டொமைன்' முறையில் இயங்கும் அலுவலகங்களில் சர்வரின் கடிகாரத்துக்கும் மேசைக் கடிகாரத்துக்கும் வழக்கமாக ஐந்து நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு இருந்தால், சரியான பாஸ்வேர்டும் ஏற்கப்படாது. சிறிய பேட்டரி ஒன்றை மாற்றினால் தீரும் குறைக்காகக் கணிப்பொறியையே மாற்றியவர்கள் உண்டு.

மொழி மாறிய கதை

இத்தனையும் சரியாக இருந்தும் எக்ஸ்பி கணிப்பொறிக்குச் சர்வர் திறக்கவில்லையெனில், காரணம் மொழி. கோப்புகளைக் கேட்டுப் பெறுவதற்குக் கணிப்பொறிகள் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது அது. எக்ஸ்பி அறிந்தது அதன் முதல் பதிப்பை மட்டுமே. விஸ்டாவுடன் இரண்டாம் பதிப்பு வந்தது. விண்டோஸ் 8-உடன் மூன்றாம் பதிப்பு வந்தது. 2017 அக்டோபர் முதல் புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் முதல் பதிப்பு முழுமையாக இடம்பெறுவதில்லை.

'சர்வரில் முதல் பதிப்பை மீண்டும் இயக்கிவிட்டால் போதும்' என்று சிலர் ஆலோசனை கூறுவர். செய்தால் பட்டியல் உடனே திறந்துவிடும். ஆனால் அதன் விலையை அறிந்துகொள்ளுங்கள்.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்தது இந்த முதல் பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் அண்டை மாநிலங்களில் ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகளும், கேரளத்தின் வயநாட்டில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் பாதிக்கப்பட்டன. சிற்றூர் அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று இனியும் கூற இயலுமா?

கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அத்திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணிப்பொறிகளே.

செய்யத்தக்கவை

விண்டோஸ் 7 கணிப்பொறி இரண்டாம் பதிப்பை அறியும். அதற்காக முதல் பதிப்பை இயக்க வேண்டிய தேவையே இல்லை. அனுமதியிலும் அமைப்பிலும் குறையைத் தேடுங்கள். எனினும் 2020 ஜனவரி 14-உடன் அதற்கான பொதுவான திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே அதையும் விரைவில் மாற்றத் திட்டமிடுங்கள்.

எக்ஸ்பி கணிப்பொறியில் வாங்குவதற்குப் பணமில்லையெனில், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை இலவசமாக நிறுவலாம். அது புதிய மொழியைப் பேசும். பழைய கணக்கு மென்பொருளுக்காக எக்ஸ்பி இருந்தே தீர வேண்டுமெனில், அதைச் சர்வரோடும் இணையத்தோடும் இணைக்காதீர்கள். வைரஸ் சோதனை செய்த பென்டிரைவ் மூலம் கோப்பை எடுத்துச் செல்லுங்கள். சிரமம்தான், ஆனால் ஊரார் பட்டியல் தப்பும்.

சர்வரின் கோப்புகளுக்கு நகல் ஒன்று எப்போதும் இருக்கட்டும். அது எந்தக் கணிப்பொறியோடும் இணைக்கப்படாமல் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கட்டும். இணைந்தே கிடக்கும் நகலையும் தீநிரல் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

வாசகர்களே! தொழுகைப்பள்ளியாயினும் சங்கமாயினும் பள்ளிக்கூடமாயினும், நம் அலுவலகக் கணிப்பொறியில் இருப்பவை வெறும் எழுத்துகள் அல்ல. விதவையின் விண்ணப்பம், மாணவனின் மதிப்பெண், மீனவனின் வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அரைமணி நேர அவசரத்துக்காக அதன் கதவைக் கழற்றி வைக்க நமக்கு உரிமையில்லை. இந்த வாரமே உங்கள் அலுவலகச் சர்வரில் முதல் பதிப்பு இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் நிறுத்திவிடுங்கள்.