இசை வகுப்பின் வாயில்

சங்கீதம் அரசியலுக்கும் சமூக வழக்குக்கும் அப்பாற்பட்டதென்று கூறுவோர் எம்மிடையே பலர். ஆயினும், பாடசாலைச் சங்கீத வகுப்பிலே எது கற்பிக்கப்படுகின்றது, யார் கற்பிக்கின்றார் என நோக்குமிடத்து அக்கூற்று நிலைபெறாது.

மாயாமாளவகௌளையிற் சரளி வரிசை பயிலும் பிள்ளைக்கு ஸ்வரமே மொழி. வர்ணத்துக்கும் கிருதிக்கும் வந்தவுடன் அது பெரும்பாலும் பொருள் விளங்காத தெலுங்கைப் பாடுகின்றது. தமிழ்ப் பாட்டுக் கச்சேரியின் கடைசித் துக்கடாவுக்கே உரியதென்ற எண்ணம் ஒருகாலத்தில் வித்துவான்கள் பலரிடம் வேரூன்றியிருந்தது. அதனை எதிர்த்தெழுந்த இயக்கத்தின் பயனாகவே 1943ஆம் ஆண்டிற் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. ஈழத்தவராகிய விபுலாநந்த அடிகளின் ஆராய்ச்சிப் பெருநூலாகிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. மொழிப்பற்றினால் இசை கெட்டதா? வளர்ந்ததென்பதே எமது துணிபு.

மொழி பற்றி இவ்வளவு வாதித்த நாம், கற்பிப்பவர் யாரென்ற வினாவை மட்டும் மெல்ல ஒதுக்கிவிட்டோம். வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் எமது கல்லூரிகளின் வகுப்பறைக்குள் வந்தன. நாதசுரமும் தவிலும் பெரும்பாலும் கோயில் வீதியோடு நின்றன. 1933இல் இணுவிலிற் பிறந்து, தமிழகத்து நாதசுர மேதைகளும் விரும்பியழைத்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி கல்லூரிச் சங்கீத வகுப்பில் உருவானவரல்லர். தந்தையாரே அவருக்கு முதற் குரு. 1975இல் அவர் மறையும்வரை, அவர் வாசிப்பைக் கேட்கத் திருவிழா மணலில் விடியுமட்டும் விழித்திருந்தோர் எம்மில் மூத்தோரிற் பலர். தம் பிள்ளையைத் தவில் பழக அனுப்பியவர் எத்தனை பேர்? குலத்தொழில் என்று காரணங் காட்டுவோம். சாதி என்று சொல்ல நா கூசும். பறையின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. மட்டக்களப்புக் கூத்தைக்கூட, 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்து மேடைக்குக் கொணர்ந்த பின்னரே கற்றோர் பலர் கலையென ஒப்புக்கொண்டனர்.

யூபிலி நிதியில் மண்டபத்துக்குப் புதுத் திரை வாங்குவதாகப் பேச்சு நிகழ்கின்றது. திரை வேண்டாமென்று நாம் கூறவில்லை. தவிற் கலைஞர் ஒருவரையும் பறைக் கலைஞர் ஒருவரையும், உரிய வேதனத்தோடும் ஆசிரியர் என்ற பெயரோடும், வாரத்தில் இரு பாடவேளைக்கேனும் அமர்த்துக என்றே அதிபரையும் நிர்வாகத்தினரையும் வேண்டுகின்றோம். பெற்றோரிற் சிலர் முணுமுணுப்பர், முணுமுணுக்கட்டும். அவ்வாசிரியர்கள் வகுப்பினுள் நுழையும்போது, ஏனைய ஆசிரியர்க்கு எழுவது போலவே மாணவர் எழுந்து நின்று வணக்கஞ் சொல்லல் வேண்டும்.