எல்லாருக்கும் சொல்லவா, ஒருவருக்கு மட்டுமா?

பள்ளி ஒலிபெருக்கியில் ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி அலுவலகத்துக்கு அழைக்கிறார்கள். போக வேண்டியவர் ஒருவர்தான். ஆனால் எல்லா வகுப்புகளிலும் பாடம் ஒரு நிமிடம் நின்றுபோகிறது. கணினி நிரல்களிலும் இதே தொல்லை உண்டு. அதை நமக்குப் பழக்கிவிடுவது, நம்மில் பலர் முதலில் கற்கும் ஸ்கிராட்ச் மொழிதான் என்பது என் குற்றச்சாட்டு.

ஸ்கிராட்ச்சில் ஓர் உருவம் இன்னோர் உருவத்துக்குச் செய்தி அனுப்ப ‘பிராட்காஸ்ட்’ கட்டளை இருக்கிறது. அதில் செய்தியின் பெயரை எழுதலாம். யாருக்கு என்று எழுத இடமே இல்லை. மேடை உட்பட எல்லாருக்கும் அது போய்ச் சேரும். ‘ஆட்டம் முடிந்தது’ என்று அறிவிக்க இது அருமையான வழி. எதிரி நிற்க வேண்டும், இசை ஓய வேண்டும், புள்ளிகள் பெரிதாகத் தெரிய வேண்டும். நாளைக்கு நீங்கள் ஒரு பறவையைச் சேர்த்தாலும், அறிவிப்பை அனுப்பும் பகுதியில் எதையும் மாற்ற வேண்டாம்.

இதே கட்டளையை விண்கல விளையாட்டில் போட்டுப் பாருங்கள். ஒரே உருவத்தின் நகல்களாக 30 எதிரிக் கலங்கள். தோட்டா ஒரு கலத்தில் பட்டதும் ‘வெடி’ என்று அறிவிக்கிறீர்கள். அதைக் கேட்டதும் நகல் அழிய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே தோட்டாவில் 30 கலங்களும் மாயம்! அடிபட்டது எந்த நகல் என்பது தோட்டாவுக்குத் தெரியாது. அந்த நகலுக்குத்தான் தெரியும். ஆகவே ‘தோட்டா என்னைத் தொடுகிறதா?’ என்று ஒவ்வொரு நகலும் தானே சோதித்துக்கொண்டால் போதும். அறிவிப்பே தேவையில்லை.

பின்னர் பைத்தான் கற்கும்போது, அடிபட்ட அந்த ஒரு கலத்தின் ‘வெடி’ செயலை மட்டும் அழைக்க முடியும். அதுதான் நேரடிச் செய்தி. ஸ்கிராட்ச் பழக்கத்தில் இதை மறந்து, அங்கும் எல்லாருக்கும் கூவும் நிரலை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பிணைப்பு இல்லாமல் இருப்பது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். ஆனால் பிழை வரும்போது அதைக் கேட்டது யார், எதைச் செய்தது என்று நிரல் முழுவதும் தேட வேண்டியிருக்கும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் பாடம் தாமதமாகத்தான் புரிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறினால், முன்பெல்லாம் அது பொது அறிவிப்பாகப் போகும். பதிவு செய்திருந்த செயலிகள் எல்லாம், திறக்கப்படாதவைகூட, ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். நினைவகமும் மின்கலமும் வீணாகும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, அந்த அறிவிப்பால் செயலிகளை எழுப்பும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. மறு ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 8, இத்தகைய பொது அறிவிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டுப்பாட்டை விரித்தது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இவற்றைவிடப் பழையது. 1982இல் வெளியான ஏஆர்பி என்ற விதிமுறை அது. உங்கள் கணினிக்கு அச்சுப்பொறியின் ஐபி எண் தெரியும். அதன் வன்பொருள் முகவரி தெரியாது. ‘இந்த எண் யாருடையது?’ என்று உள்வலையில் உள்ள எல்லாரையும் கேட்கிறது. அச்சுப்பொறி மட்டும், கேட்ட கணினிக்கு மட்டும் பதில் அனுப்புகிறது. கணினி அந்த முகவரியைச் சிறிது காலம் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் பேச்செல்லாம் நேரடிதான். ஆளைத் தெரியாதபோது மட்டும் பொதுவில் கூப்பிடுகிறது.

உங்கள் கடைசி ஸ்கிராட்ச் வேலையைத் திறந்து, ஒவ்வோர் அறிவிப்பையும் எத்தனை உருவங்கள் கேட்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது என்றால், அந்த வேலையை அந்த உருவமே தானாகச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள்.