நோயை ஒளிக்காத காதல்

ஜான் கிரீன் எழுதி 2012-இல் வெளிவந்த 'த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலைக் கண்ணீர்க் கதை என்று ஒதுக்குவோர் அதன் சாரத்தைத் தவறவிடுகின்றனர். தைராய்டுப் புற்று நுரையீரலுக்குப் பரவிய 16 வயது ஹேசலும் எலும்புப் புற்றால் ஒரு காலை இழந்த 17 வயது அகஸ்டஸும் நோயாளிகளின் ஆதரவுக் குழுவில் சந்திக்கின்றனர். நோயை அறிந்த பின்னரே காதல் பிறக்கிறது. தனக்கு நோய் திரும்பியதை அகஸ்டஸ் சிறிது காலம் மறைத்தாலும், பின்னர் அவனே அவளிடம் கூறிவிடுகிறான்.

1982-இல் வெளிவந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய தமிழ்ப் படங்களில் நாயகன் தன் புற்றுநோயை மறைத்துக் காதலியை விலக்குகிறான். தியாகமெனப் போற்றப்பட்ட அம்மௌனத்தில், உண்மையை அறியும் அவளது உரிமைக்கு இடமில்லை.

இவ்வழக்கம் திரையோடு நிற்பதன்று. சாலைக் கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. குமரி மாவட்டத் தமிழ்க் குடும்பங்களும் அங்கு சிகிச்சைக்கு வருகின்றன. நோயின் பெயரைச் சொல்லாமல் 'கட்டி' என்றும் 'அந்த வியாதி' என்றும் பெரியோர் தாழ்ந்த குரலில் பேசும்போது, நோயுற்ற பிள்ளை தன் உடலைப் பற்றிய பேச்சிலிருந்தே விலக்கப்படுகிறது.

தமிழில் இளையோர்க்கென எழுதுவோர் கிரீனிடம் கற்க வேண்டியது மரணக் காட்சியை அன்று. நோயின் பெயரை நேராகச் சொல்லி, அதை நகையாடவும் நோயுற்ற பிள்ளைக்கே உரிமை தரும் மொழியை.