குகேஷுக்குத் திறந்த கதவு

அடிக்க வராதீங்க மக்களே, நானும் குகேஷ் ரசிகன்தான். 2024 டிசம்பர்ல அவர் உலக சாம்பியன் ஆனப்போ நான் கத்தின கத்துல ஹாஸ்டல் வார்டனே வந்துட்டார். ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நடந்தது இன்னும் உறுத்துது.

உலக சாம்பியனோட மோதுறது யாருன்னு முடிவு பண்ற கேண்டிடேட்ஸ் செஸ்ல மொத்தமே 8 பேர். வருஷம் பூரா ஆடிச் சேர்த்த சர்க்யூட் புள்ளிக்கு ஒரு இடம். அதுக்கு குகேஷும் நெதர்லாந்து அனிஷ் கிரியும் முட்டிக்கிட்டு இருந்தாங்க. 2023 டிசம்பர் நடுவுல, தமிழக அரசு ஆதரவோட, சென்னையில திடீர்னு ஒரு போட்டி. குகேஷ் ஜெயிச்சு கிரியைத் தாண்டினார்.

அரோனியன், அர்ஜுன் எரிகைசி எல்லாம் ஆடின பலமான போட்டிதான், ஒத்துக்கறேன். விதியும் மீறலை. ஆனா அதே மாசம் அலிரேசா ஃபிரூஜா ரேட்டிங் ஏத்த பிரான்சுல அவசரமா ஏற்பாடான ஆட்டங்களை ஆடினப்போ ஃபிடே ஏத்துக்கலை. அப்புறம் வேற ஓப்பன் ஆடித்தான் உள்ள வந்தார்.

டெண்டர் முடியற நேரத்துல ஒருத்தருக்கு மட்டும் வழி பண்ணினா ஆடிட்ல விடுவாங்களா? (பி.காம் புத்தி!) கல்வராயன் மலைப் பையனுக்கு நாலு புள்ளி குறைஞ்சா யாருங்க போட்டி நடத்துவா? எங்க கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவே 2019 வரை காத்திருந்தோம்.

வருஷ ஆரம்பத்துலயே அறிவிச்ச போட்டிக்குத்தான் புள்ளின்னு ஒரு வரி சேர்த்தா போதும். குகேஷ் அப்பவும் ஜெயிச்சிருப்பார், கிரியும் புலம்பியிருக்க மாட்டார்.