பின்கட்டு விஸ்தரிப்பும் அனுமதி விதியும்

பந்தல்குடி வட்டாரத்தில் வீடென்பது உண்டு உறங்குவதற்கு மட்டும் ஏற்பட்ட இடமன்று. நெசவாளிக்கு அதுவே தொழிற்கூடம். சம்சாரிக்கு அதுவே களஞ்சியம். தறிக்குழி இருப்பதும், பெண்கள் இராட்டையில் தார் சுற்றுவதும் ஒரே கூரையின்கீழ்தான். கரிசற்காட்டுப் பருத்தியும் மல்லியும் வற்றலும் விலை வரும்வரை காத்துக் கிடப்பதும் அங்கேதான். இந்நிலையில் மகனுக்கு மணமாயிற்று என்றாலோ, இன்னொரு தறி போடவேண்டும் என்றாலோ, எவரும் முதலிற் பார்ப்பது கொல்லைப்புறத்தைத்தான். பத்தடி நீளத்தில் ஒரு சுவர், மேலே தகரமோ ஓடோ. காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோம்.

“என் மனை, என் சுவர், எவரைக் கேட்கவேண்டும்?” என்று வினவும் அங்கத்தினர்கள் பலர். கேட்கத்தான் வேண்டும். 1971 ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் கிராமத்து வீட்டையும் விட்டுவைக்கவில்லை. 2019 இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பிறந்தபின், மாநகருக்கும் சிற்றூருக்கும் ஒரே விதித்தொகுப்பு என்றாயிற்று. வெள்ளையடித்தல், ஓடு மாற்றுதல், தரை பூசுதல் முதலிய பழுதுபார்க்கும் வேலைகளுக்கு அனுமதி வேண்டியதில்லை. இருக்கும் வீட்டோடு புதிதாக ஓர் அறை சேர்ப்பதோ பழுதுபார்த்தலாகாது. அவ்வறையில் மோட்டார் வைத்து விசைத்தறி ஓட்டுவதாயின், இயந்திரம் அமைப்பதற்கெனத் தனி அனுமதியும் தேவை.

அரசாங்கம் இவ்விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் மெய்யாகவே நல்ல திட்டம். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டை, தரைத்தளமாகவோ அதன்மேல் ஒரு மாடியுடனோ கட்டுவோர், தாமே உறுதிமொழி அளித்து இணையதளத்தின் வாயிலாக உடனே அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணமும் இல்லை. அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

எனினும் இவ்வசதி காலிமனையில் புதுவீடு எழுப்புவோனுக்கு எளிதாயிருப்பதுபோல், பாட்டன் காலத்து வீட்டின் பின்னே ஒரு சுவர் எழுப்புவோனுக்கு எளிதாயில்லை. அவன் வீடு நத்தத்தில் இருக்கிறது. பட்டா பாட்டன் பெயரில் இருக்கிறது. பங்காளிகள் மூவரில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கென்றே தெரியவில்லை. பாகம் பிரித்தது வாய்ச்சொல்லாய்ப் பிரித்தது. பழைய வீட்டிற்கு வரைபடம் என்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. பத்துக்குப் பதினைந்தடி அறைக்காக இத்தனை ஆவணங்களையும் தேடப் புறப்படுபவன், இரண்டு மாத நெசவுக் கூலியை இழந்து, கடைசியில் அனுமதியின்றியே கட்டிவிடுகிறான். அதன் பலனைப் பின்னர் காண்கிறான். வீட்டின்மேல் கடன் கேட்கும் நாளில் அந்த அறை ஏட்டில் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் மனக்கசப்பில் மனுப்போடும் நாளிலோ அது நன்றாகவே இருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2021-22 முதல் 2025-26 வரைக்கென வகுக்கப்பட்ட தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில், தனி நெசவாளி தறிக்கூடம் கட்ட 1,20,000 ரூபாய் அலகு மதிப்பாக வைக்கப்பட்டது. 2024 இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்து வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதற்குள் ஒரு குடும்பம் வாழலாம். குழித்தறியும் வேண்டுமெனில் பின்புறம் விஸ்தரித்தே தீரவேண்டும். அரசாங்கத்தின் ஒரு கை தறிக்கூடம் கட்டச் சொல்கிறது. மற்றொரு கை தாளைக் காட்டச் சொல்கிறது.

இங்கிலாந்து கட்டட அனுமதியில் மிகவும் கண்டிப்பான தேசம். 1947 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அங்கு நிலத்தை அபிவிருத்தி செய்வதற்கே அனுமதி வேண்டும். ஆயினும் வீட்டின் பின்புறம் ஒற்றைத்தளமாக விஸ்தரிப்பதற்கு அந்நாடு ஓர் அளவு வகுத்துள்ளது. அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடாயின் மூல வீட்டின் பின்சுவரிலிருந்து 3 மீட்டர், தனித்த வீடாயின் 4 மீட்டர். உயரம் 4 மீட்டருக்கு மேற்படலாகாது. வீட்டைச் சுற்றிய நிலத்தில் பாதிக்குமேல் அடைத்துவிடலாகாது. இவ்வளவுக்குள் அடங்கினால் பொதுவாகத் தனி அனுமதி கோரவேண்டியதில்லை. 6 அல்லது 8 மீட்டர்வரை செல்ல விரும்பினால் அயலாருக்கு அறிவிப்புப் போகும். அவர்கள் ஆட்சேபித்தால்தான் அதிகாரிகள் அயலாருக்கு நேரும் பாதிப்பை ஆராய்வர். 2013 இல் தற்காலிகமாக வந்த இவ்வேற்பாடு 2019 இல் நிரந்தரமாயிற்று. சுவரின் உறுதி பற்றிய விதிகள் தனியே உண்டு, அவற்றில் தளர்ச்சியில்லை.

அந்த மீட்டர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்பது நமது வாதமன்று. அயலாரின் சம்மதத்தைக் கேட்பதும், சிறியதற்கும் பெரியதற்கும் பேதம் காண்பதும் நமக்கு மிகவும் பொருந்தும். கொல்லைப்புறத்தில் ஒரு தறி கொள்ளும் அளவு அறைக்கு, ஒற்றைத்தளமாயின், ஊராட்சிக்கு ஓர் எழுத்தறிவிப்பும் இருபக்கத்து அயலாரின் கையொப்பமும் போதும் என்று விதி திருத்தப்படவேண்டும். நத்தத்து வீடுகளுக்கு அனுபவத்தையும் வீட்டுவரி இரசீதையும் ஆதாரமாக ஏற்கவேண்டும். உரிமை வழக்கை அது தீர்த்துவிடாது, தீர்க்கவேண்டியதுமில்லை.

அனுமதி எளிதானால் கட்டுவதும் எப்படியேனும் ஆகலாம் என்று எவரும் கொள்ளலாகாது. நம் மண் கரிசல். ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும். சித்திரையில் கைநுழையும் அளவு வெடிக்கும். பழைய சுவர் நெடுநாள் நின்று அமர்ந்துவிட்டது. அதில் ஒட்டிக் கட்டிய புதுச்சுவர் தன்போக்கில் இறங்கும். இரண்டும் சேருமிடத்தில் விரிசல் காண்பது அதனால்தான். கரிசலைத் தாண்டிச் சுக்கான் காணும்வரை அஸ்திவாரம் போகவேண்டும். பழஞ்சுவரோடு பிணைக்காமல் சிறு இடைவெளி விட்டுக் கட்டுவது நலம். கரிசல் ஆழமாயின், ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இம்மண்ணுக்கென வகுத்த, அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அஸ்திவாரத்தைப் பற்றிப் பொறியாளரைக் கேட்கலாம். கூரைத் தண்ணீர் அயலார் முற்றத்தில் விழுமானால் எந்த அனுமதியும் சண்டையைத் தடுக்காது. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாதலால் அத்தண்ணீரை நம் மனையிலேயே இறக்கிவிடுவது விதிக்கும் நலம், உறவுக்கும் நலம்.

விதி திருந்தும்வரை சங்கங்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. நூலும் விதையும் கூட்டாக வாங்குகிற நாம், வரைபடம் போடுவோரையும் கூட்டாக அமர்த்தலாம். ஒரு தெருவில் பத்துப் பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒருவருக்கு ஆகும் செலவு பெரிதும் குறையும். பட்டா மாற்றத்திற்குரிய வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, வரி இரசீது ஆகியவற்றைச் சங்க எழுத்தரிடம் ஒரே நாளில் கொடுத்து மனு எழுதச் செய்யலாம். விதித்திருத்தம் கோரும் தீர்மானத்தை நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் தத்தம் மகாசபைகளில் நிறைவேற்றிச் சென்னைக்கு அனுப்பவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்கிடையில், இவ்வாண்டு சுவர் எழுப்பக் கருதும் அங்கத்தினர்கள் செங்கல் இறக்குமுன் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அதில் எவர் பெயர் இருக்கிறதென்று.