இரண்டாம் கையெழுத்து



மும்பையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் தில்லியிலும் உள்ள நம் சபைகளில் இப்படிப்பட்ட ஒரு வாலிபனை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். ஊரார் வேலைக்குப் புறப்படும் வேளையில் அவன் சீருடையோடு வீடு திரும்புகிறான். பகலில் உறங்குகிறான். சில வாரங்கள் ஞாயிறு ஆராதனையில் அவனைக் காண்பதில்லை. "ஏரோப்பிளேன் கம்பெனியில் வேலை" என்கிறார் தாயார். அங்கே அவன் செய்வது என்ன என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

அவன் ஏவியானிக்ஸ் பிரிவில் பணிபுரிகிறான். விமானத்தின் ரேடியோ, ரேடார், ஆட்டோ பைலட், உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகள், கறுப்புப் பெட்டி என்று பெயர் பெற்றும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும் பதிவுக் கருவிகள் ஆகியவற்றைச் சோதிப்பதும், பழுதானதைக் கழற்றி மாற்றுவதும் அவன் தொழில். இரவில் கடைசி விமானம் இறங்கியதற்கும் விடியற்காலை முதல் விமானம் புறப்படுவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரமே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் காலம். வேலை முடிந்ததும், எடுத்துச் சென்ற கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப வைக்கிறான். பின்பு, செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறான். அதன்மேல் உரிமம் பெற்ற பொறியாளர் சான்றளித்துக் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்கலாம்.

இந்தக் கையெழுத்தைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறேன். ஏனெனில் அதைப்பற்றி நான் ஒருமுறை தவறான ஆலோசனை கொடுத்தேன்.

நம் சபை வாலிபன் ஒருவன் ஒருநாள் காலையில் வேலையிலிருந்து நேராக என்னிடம் வந்தான். அன்றிரவு அவன் உயரத்தைக் கணிக்கும் கருவியொன்றை மாற்றியிருந்தான். அதற்காகக் காற்றழுத்தக் குழாயைக் கழற்றி மீண்டும் பொருத்தியதால், கசிவு உண்டா என்று சோதிப்பது கட்டாயம். சோதனைக் கருவியோ வேறொரு விமானத்தில் இருந்தது. புறப்படும் நேரம் நெருங்கிற்று. மேலதிகாரி, "குழாயை நீ இறுக்கியதை நானே பார்த்தேன். சோதித்ததாக எழுது, நான் சான்றளிக்கிறேன்" என்றாராம். இவன் எழுத மறுத்துவிட்டான். விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. விளக்கம் கேட்டு அவனுக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது.

"தம்பி, பெரியவர் கையெழுத்திடுகிறாரே, பொறுப்பு அவருடையதல்லவா? கிடைத்த வேலையை ஏன் கெடுத்துக்கொள்கிறாய்?" என்றேன்.

அவன் சற்று நேரம் மௌனமாயிருந்து, "பாஸ்டர், லீமா விமானத்தைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்றான்.

1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து ஏரோபெரு நிறுவனத்தின் 603ஆம் விமானம் இரவில் புறப்பட்டது. அது போயிங் 757 வகையைச் சேர்ந்தது. விமானத்தின் உடற்பகுதியில் வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் சிறு துவாரங்கள் உண்டு. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவைக் கொண்டே கருவிகள் உயரத்தைக் கணிக்கின்றன. விமானத்தைத் துப்புரவு செய்தபோது அத்துவாரங்களின்மேல் ஒட்டிய நாடாவை நீக்க மறந்துவிட்டார்கள். மேற்பார்வையிட்டவர்களும் காணவில்லை. புறப்படுமுன் சுற்றிப் பார்த்த விமானியும் காணவில்லை. கடலின் மேலே, காரிருளில், கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாக எச்சரித்தன. குழம்பிய விமானிகள் தங்கள் உயரத்தைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் கேட்டார்கள். அங்கிருந்து வந்த பதில் அவர்கள் கருவி காட்டியதோடு ஒத்திருந்தது. எப்படி ஒத்தது? நிலையத்தின் திரையில் தெரிந்த எண்ணும் அதே விமானத்தின் பழுதான கருவி அனுப்பியதே! விமானம் கடலில் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள்.

"இரண்டு சாட்சி என்று நினைத்தார்கள், பாஸ்டர். ஆனால் இருந்தது ஒரே சாட்சிதான். நான் சோதிக்காமல் எழுதி, அதை நம்பி அவர் கையெழுத்திட்டால், அங்கே இரண்டு கையெழுத்து இருக்கும். பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்" என்றான்.

நான் வெட்கமடைந்தேன். "சோதித்தபோது கசிவு இருந்ததா?" என்று கேட்டேன். "இல்லை" என்றான். "ஆனால் சோதிக்கும்வரை அது எவருக்கும் தெரியாதே!"

பிரியமானவர்களே, அவன் போன பிறகு இவற்றைக் குறித்துத் தேடி வாசித்தேன். 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் 610ஆம் விமானம் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டுக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழ்நோக்கித் தள்ளிய மென்பொருளின் வடிவமைப்பு அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆயினும் விசாரணை அறிக்கை வேறு சிலவற்றையும் சுட்டிக்காட்டியது. முந்தின நாள் பொருத்தப்பட்ட உணர்கருவி 21 பாகை பிழையாகக் காட்டியது. பொருத்தியபின் செய்யவேண்டிய சோதனை முறையாக நடந்ததா என்பதை விசாரணையாளர்களால் உறுதிசெய்ய இயலவில்லை.

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தொழிலில் இருந்தால், "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று சொல்லுமுன் யோசியுங்கள். தாமதமான விமானத்திற்கு மறுபடியும் நேரம் குறிக்கலாம். பொய்யாக எழுதிய வரியை யார் திருத்துவார்? பகலில் அவர்கள் உறங்கும் அறையை இருட்டாகவும் அமைதியாகவும் வைத்துக்கொடுங்கள். உறக்கம் குறைந்த கண் தவறவிட்டதைக் கை அறியாது. ஞாயிறு வரவில்லை என்று சபையார் கடிந்துகொள்ள வேண்டாம். எந்த நாளில் ஓய்வு என்று கேட்டு, அந்நாளில் அவர்களைச் சந்தியுங்கள்.

இத்தொழிலில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிப் பள்ளி தரும் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. உரிமத்தை வழங்குவது மத்திய அரசின் டிஜிசிஏ. ஏவியானிக்ஸ் பிரிவுக்குரியது பி2 உரிமம். அதற்கான ஒவ்வொரு தாளிலும் 75 விழுக்காடு மதிப்பெண் பெறவேண்டும். செய்முறை அனுபவமும் காட்டவேண்டும். பணம் கட்டுமுன், அப்பள்ளி டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றதா என்று விசாரியுங்கள்.

அந்த வாலிபன் இன்றும் இரவு வேலைக்குச் செல்கிறான். விளக்கக் கடிதத்திற்கு அவன் எழுதிய பதில் ஒரே வரி: "சோதனை செய்யாததால் சோதித்ததாக எழுதவில்லை."

நாமும் அலுவலகத்திலும் கடையிலும் சபைக் கணக்கிலும் கையெழுத்திடுகிறோம். பார்த்துவிட்டா இடுகிறோம், அல்லது நமக்கு முன் ஒருவர் இட்டிருக்கிறார் என்றா? சிந்திப்போம். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் சந்திப்போம்.